கண்மை பூசிய கிதார்காரர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

ஹெவி மெட்டல் வாசிக்க வேண்டும் என்று கிதாரைக் கையில் எடுத்த எந்தப் பிள்ளையும் முதல் ஆறு மாதத்துக்குள் எழுதாத சட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. பிளாக் சப்பாத் பிடிக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஸ்லேயர் என்றால் மரியாதை இன்னும் ஒரு படி கூடும். ராட், டாக்கன், மோட்லி க்ரூ, ஒயிட் லயன் என்று வாயெடுத்தால் மட்டும் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எண்பதுகளில் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலீஸின் சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளிலிருந்து கிளம்பிய அந்தக் கூட்டம் தலைமுடிக்கு ஸ்பிரே அடித்து, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி மேடை ஏறியது. அதனால் அவர்கள் 'போஸர்'கள், வேடதாரிகள் என்பது வழக்கின் தீர்ப்பு. 'ஹேர் மெட்டல்' என்று பிற்பாடு ஒட்டிய பெயரே ஒரு கேலிதான். நீ அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளக்கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கிளாம் மெட்டல் எனப்படும் இந்த இசைக்கு மெட்டல் ரசிகர்கள் பெரிய கடன் பட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் அதைத் திருப்பித் தராமல் இருந்துவிடலாம். வாசிக்கிற நீ அதை அறியாமலே இருந்தால் நஷ்டம் உன் கைக்கு. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. குப்பையும் நிறைய உண்டு, அதையும் மறைக்காமல் பேசுவேன்.

முதலில் 1982க்குப் போவோம். பிரையன் ஸ்லேகல் என்ற இளைஞர் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்து மெட்டல் குழுக்களின் பாடல்களைத் திரட்டி 'மெட்டல் மசாக்கர்' என்ற தொகுப்பை அந்த ஆண்டு வெளியிட்டார். மெட்டாலிகாவின் பாடல் ஒன்று இசைத்தட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. முதல் பதிப்பில் குழுவின் பெயரைக்கூடத் தப்பாக, ஒரு 'டி' கூட்டி அச்சடித்திருந்தார்கள். அதே முதல் பதிப்பில் இன்னொரு குழுவும் இருந்தது: ராட். ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே தட்டு. அதைத் தொகுத்தவருக்கு இரண்டும் ஒரே வகை இசையாகத்தான் கேட்டிருக்கிறது. அடுத்த வருடம் மெட்டாலிகா சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தது. த்ராஷ் மெட்டல் ரசிகர்கள் அங்கே வலுவாகத் திரண்டார்கள். வேடதாரிகளை ஒழிப்போம் என்ற கோஷமும் அங்கேதான் உரத்தது. இன்று உனக்கு இயற்கையின் விதி போலக் கற்றுத்தரப்படும் அந்தப் பிரிவினை, இரண்டு ஊர்களுக்கு இடையில், ஒன்றிரண்டு வருடங்களில் எழுந்த கோஷ்டிச் சண்டை. 1983 மே 29 அன்று கலிஃபோர்னியாவில் நடந்த 'யூஎஸ் ஃபெஸ்டிவல்' மெட்டல் நாளைப் பார். க்வயட் ரயட், மோட்லி க்ரூ, ஆஸி ஆஸ்பர்ன், ஜூடாஸ் பிரீஸ்ட், ஸ்கார்ப்பியன்ஸ், வான் ஹேலன் என்று ஒரே மேடையில் ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். அன்றைக்குத் திரண்ட அந்தப் பெருங்கூட்டம் இதில் எது அசல், எது போலி என்று பிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

நீ கிதார்காரி. ஆகவே கிதார் வழியாகவே இந்த வம்சாவளியைச் சொல்கிறேன். ராண்டி ரோட்ஸை எந்த மெட்டல் ரசிகனும் தலையில் வைத்துத்தான் பேசுவான். ஆஸியின் முதல் இரண்டு தனி ஆல்பங்களில், 1980இலும் 1981இலும் அவர் வாசித்தது இன்றும் பாடம். அந்த ராண்டி எங்கிருந்து வந்தார்? க்வயட் ரயட்டிலிருந்து. புள்ளி போட்ட உடுப்போடு லாஸ் ஏஞ்சலீஸ் கிளப்புகளில் வாசித்த அந்தக் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களும் ஜப்பானில் மட்டுமே வெளிவந்தன. பகலில் அவர் வடக்கு ஹாலிவுட்டில் தன் தாயார் நடத்திய இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தார். ஆஸியோடு போனபோது அந்த ஆசிரியர் வேலையை ஏற்றவர், பின்னாளில் டாக்கனில் புகழ்பெற்ற ஜார்ஜ் லிஞ்ச். 1982இல் விமான விபத்தில் ராண்டி இறந்தார். பிறகு ஆஸியின் அடுத்த ஸ்டூடியோ ஆல்பத்தில் வாசித்தவர் ஜேக் ஈ. லீ, அவர் முன்பு ராட்டில் இருந்தவர். ராட்டில் அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் வாரன் டிமார்டினி. ஹெவி மெட்டலின் தந்தை என்று கொண்டாடப்படும் ஆஸி இரண்டு முறை கிதார்காரரைத் தேடியபோதும் அந்தச் சன்செட் ஸ்ட்ரிப் பக்கம்தான் கண்டெடுத்தார். வேருக்கு மாலை போட்டுவிட்டுக் கிளையை வெட்டினால் எப்படி?

வம்சாவளி மட்டும் மரியாதைக்குப் போதாது என்று நீ சொல்லலாம். சரி, பாட்டுக்கே வருவோம். ராட்டின் 'ரவுண்ட் அண்ட் ரவுண்ட்' 1984இல் வந்த பாட்டு. உடுப்பை மறந்துவிடு, வீடியோவை அணைத்துவிடு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நடுவில் வரும் சோலோவை மட்டும் எடுத்துக்கொள். டிமார்டினி தனியாகத் தொடங்குகிறார். பாடகர் விட்ட இடத்திலிருந்து இன்னொரு குரல் எழுவது போலத்தான் முதல் சில சுரங்கள் வருகின்றன. வேகம் காட்டும் அவசரம் இல்லை. ஒரு தந்தியை மேலே வளைத்து, அந்த உயரத்திலேயே நிறுத்தி, விரலை அசைத்து அதிர விடுகிறார். அந்த அதிர்வின் அகலத்தையும் நிதானத்தையும் கவனி. அதை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். பிறகு ஓட்டம் கூடுகிறது. அடுத்து ராபின் கிராஸ்பியின் கிதார் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் ஒரே வரியை மேலும் கீழுமாகச் சுருதி சேர்த்து வாசிக்கிறார்கள். அது உச்சத்தைத் தொட்ட மாத்திரத்தில் பாட்டு திரும்பிவிடுகிறது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் சொச்சம். அதற்குள் தொடக்கம், வளர்ச்சி, முடிவு மூன்றும் இருக்கின்றன. ஒரு சுரத்தை எடுத்தாலும் இடிக்கும். இரட்டைக் கிதார் இணைப்பு தின் லிஸியிலும் ஜூடாஸ் பிரீஸ்டிலும் அயர்ன் மெய்டனிலும் கேட்ட பழைய மெட்டல் சொத்துதான். ராட் அதை ரேடியோவில் ஓடும் பாட்டுக்குள், அதன் பலம் குறையாமல் வைத்துக் காட்டியது.

இதில்தான் உனக்கான பாடம் இருக்கிறது. எட்டு நிமிடப் பாட்டில் சோலோவுக்கு இடம் தாராளம். தடுமாறினாலும் அடுத்த ஓட்டத்தில் சரிசெய்துவிடலாம். நான்கு நிமிடப் பாட்டில் உனக்குக் கிடைப்பது பதினாறு மாத்திரைக் கட்டு, அதிகம் போனால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கேட்பவன் முணுமுணுக்கும்படி ஏதாவது சொல்லியாக வேண்டும். எடி வான் ஹேலன் 1978இல் 'எரப்ஷன்' என்ற ஒன்றே முக்கால் நிமிடத் துண்டில் இரண்டு கைகளாலும் தந்தியைத் தட்டி வாசித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த பத்து வருடங்களில் அந்த உத்தியை வைத்துக்கொண்டு கழைக்கூத்துக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். அதைப் பாட்டாக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் பலர் இந்தக் கேலிக்கு ஆளான குழுக்களில் இருந்தார்கள். ஒயிட் லயனின் வீட்டோ பிராட்டா 1987இல் 'வெயிட்' பாட்டில் வாசித்த சோலோவைக் கேள். தட்டும் விரல்கள் அங்கே மெட்டைத்தான் வாசிக்கின்றன. வேகமாக வாசிப்பதை மெட்ரோனோம் கற்றுக்கொடுத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை இந்தப் பாட்டுகளிடம்தான் நீ கற்றுக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிதாரை விட்டு ஒலிப்பதிவுக்கு வந்தாலும் கதை மாறவில்லை. மோட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' 1989இல் வந்தது. கனடாவின் வான்கூவரில் 'லிட்டில் மவுன்டன்' ஸ்டூடியோவில் பாப் ராக் தயாரித்தது. டாமி லீயின் டிரம்ஸ் அதில் நெஞ்சில் அறைவது போல விழுகிறது. கிதாரும் பாஸும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதிக்காமல் தத்தம் இடத்தில் கனமாக நிற்கின்றன. அந்த ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் மெட்டாலிகா பாப் ராக்கைத் தேடிப் போனது. 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் அவர் தயாரித்தது; உலகத்தில் மிக அதிகம் விற்ற மெட்டல் ஆல்பங்களில் ஒன்று. அதற்கு முந்தைய மெட்டாலிகா ஆல்பத்தில் பாஸ் கிதார் காதில் விழவே இல்லை என்று ரசிகர்கள் இன்றும் புலம்புகிறார்கள். கனத்தை எப்படிப் பதிவுசெய்வது என்ற கேள்விக்கு, மெட்டலின் மிகப் பெரிய குழு 1990 வாக்கில் விடை தேடிப் போன இடம் ஒரு கிளாம் மெட்டல் ஆல்பம். மெட்டாலிகாவுக்கு வெட்கமில்லாதபோது மெட்டாலிகாவின் ரசிகனுக்கு ஏன் வெட்கம்?

இனி எதிர்வாதங்கள். முதலாவது, வேடம். இசைக்காரன் இசையால் நிற்க வேண்டும், மை எதற்கு, சாயம் எதற்கு என்பார்கள். இந்த நியாயத்தைச் சமமாகப் போட்டால் மெட்டலில் யார் மிஞ்சுவார்கள்? ஜூடாஸ் பிரீஸ்டின் தோல் உடுப்பும் ஆணி அடித்த பட்டையும் மேடைக்கென்று தேர்ந்த வேடம். மெர்சிஃபுல் ஃபேட்டின் கிங் டயமண்ட் ஆலிஸ் கூப்பரைப் பார்த்து முகத்தில் வண்ணம் பூசியவர். நார்வேயின் பிளாக் மெட்டல்காரர்கள் பிணம் போல முகத்தை வெளுத்துக்கொண்டார்கள். ஸ்லேயரே ஆரம்ப நாட்களில் கண்ணுக்கு மை தீட்டித்தான் மேடை ஏறியது. இவர்களை யாரும் வேடதாரி என்பதில்லை. அப்படியானால் எதிர்ப்பு வேடத்துக்கு இல்லை, எந்த வேடம் என்பதற்குத்தான். பேயாகவும் போர்வீரனாகவும் பிணமாகவும் வேடம் கட்டினால் அது கலை. பெண்ணைப் போல இருந்தால் மட்டும் அவமானம். கிளாம் குழுக்களை நோக்கி வீசப்பட்ட வசைகளில் முக்கால்வாசி, அவர்கள் பெண்களைப் போல இருக்கிறார்கள் என்பதுதான். நீ ஒரு பெண். கையில் கிதாரோடு இந்த இசைக்குள் வந்திருக்கிறாய். அந்த வசையில் குற்றமாகச் சொல்லப்படுவது எது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தச் சிரிப்பில் சேரலாமா என்று நீயே முடிவுசெய்.

இதே இடத்தில் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பெண்ணைப் போல அலங்கரித்துக்கொண்ட அந்த ஆண்களே தங்கள் பாடல்களிலும் வீடியோக்களிலும் பெண்ணைக் காட்சிப்பொருளாக நடத்தினார்கள். இது உண்மை, இதற்குச் சமாதானம் கிடையாது. காலம் அப்படி என்று சொல்வதும் சரியில்லை. அன்றைக்கும் அது தவறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் சொல்லக்கூடியது இரண்டுதான். ஒன்று, இந்தக் குற்றத்துக்காகக் கிளாமைத் தள்ளிவைப்பவர்கள், பெண்ணை வெட்டுவதும் கொல்லுவதுமாகப் பாட்டெழுதிய டெத் மெட்டலுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று கேள். அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது, அந்தச் சூழலுக்குள் நின்றே வாசித்த பெண்களைத் தேடிக் கேள். விக்ஸன் என்ற முழுப் பெண்கள் குழு 1988இல் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கி நடத்திய கிதார்காரி ஜான் குனமண்ட். அதே வருடம் லீட்டா ஃபோர்ட் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டு வெற்றி கண்டார். அந்த ஆண்டுகளில் முன்வரிசையில் நின்று சோலோ வாசித்த பெண்களை த்ராஷ் குழுக்களில் தேடினால் கண்டுபிடிப்பது கடினம். உனக்குப் பிடிக்காத வரிகளை நீ பாட வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். கைத்திறனைக் கற்பதற்கு அந்த வரிகளை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அடுத்தது காசு. கம்பெனிகள் சொன்னபடி ஆடினார்கள், ஆல்பத்துக்கு ஒரு காதல் சோகப்பாட்டு என்று கணக்குப் போட்டு வைத்தார்கள், 1988க்கு மேல் ஒரு குழுவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பார்கள். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். வாரன்ட் குழுவின் கதையே சாட்சி. 1990இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் ஏறக்குறைய முடிந்துவிட்டது; 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற இருண்ட, கதை சொல்லும் பாட்டின் பெயரையே ஆல்பத்துக்கும் வைப்பதாக இருந்தார்கள். கம்பெனித் தலைவர் கூட்டத்தோடு பாடும்படி ஒரு பாட்டு வேண்டும் என்றார். பாடகர் ஜேனி லேன் அவசரத்தில் எழுதிக்கொடுத்தது 'செர்ரி பை'. ஆல்பத்தின் பெயரும் அதுவாயிற்று, அவரைப் பற்றி ஊர் நினைவில் வைத்திருப்பதும் அது ஒன்றைத்தான். அந்தப் பாட்டை எழுதியதற்காக அவர் பின்னாளில் மனம் நொந்து பேசினார், 2011இல் இறந்துபோனார். அதே ஆல்பத்தில் அந்த மற்றப் பாட்டும் இருக்கிறது, தேடிக் கேள். நல்ல பாட்டெழுதுகிறவன் கையிலிருந்து எது வெளியே வருகிறது என்பதை வேறொருவர் தீர்மானித்தார் என்பதற்காக, எழுதியவனுக்கு எழுதவே தெரியாது என்று ஆகிவிடாது. காசுக்காக வளைந்தவர்கள் எல்லா வகை மெட்டலிலும் இருந்தார்கள். ஒயிட் லயனின் 'லிட்டில் ஃபைட்டர்', 1985இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்த கிரீன்பீஸ் கப்பலைப் பற்றியது. வெறும் கேளிக்கைப் பாட்டு என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குகிறவர்கள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

1985 செப்டம்பர் 19ஐயும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவியர் தொடங்கிய அமைப்பு, மோசமானவை என்று 15 பாடல்களைப் பட்டியலிட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் மெட்டல், ஹார்ட் ராக். மோட்லி க்ரூவும் ட்விஸ்டட் சிஸ்டரும் இருந்த அதே பட்டியலில் பிளாக் சப்பாத்தும் ஜூடாஸ் பிரீஸ்டும் வெனமும் மெர்சிஃபுல் ஃபேட்டும் இருந்தன. அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. மெட்டல் தரப்பில் அங்கே போய் உட்கார்ந்தவர் டீ ஸ்னைடர்; கிளப் கிளப்பாக ஏறக்குறைய பத்து வருடம் அலைந்த பிறகே முதல் ஆல்பத்தைக் கண்ட ட்விஸ்டட் சிஸ்டரின் பாடகர், உதட்டுச் சாயத்துக்கும் கன்னச் சிவப்புக்கும் பேர் போனவர். ஜீன்ஸும் கையில்லாத டெனிம் சட்டையுமாக, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்துப் பேசினார். தான் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, போதை தொடுவதில்லை என்றார். வன்கொடுமையைப் பாடுவதாகக் குற்றம் சாட்டப்பட்ட தன் பாட்டு, உண்மையில் குழுவின் கிதார்காரர் தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போனபோது எழுந்த பயத்தைப் பற்றியது என்று விளக்கினார். அசல் மெட்டல் என்று மார்தட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் அன்று அவர் பதில் சொன்னார்.

கடைசியாக, கனமான இசையின் சிகரமாக உன் தலைமுறை கொண்டாடும் பான்டெராவைச் சொல்லிவிடுகிறேன். 1983 முதல் 1988 வரை அவர்கள் நான்கு ஆல்பங்கள் போட்டார்கள். ஸ்பிரே அடித்த முடி, பளபளக்கும் உடுப்பு, வான் ஹேலனையும் கிஸ்ஸையும் நினைவூட்டும் பாட்டுகள். 1990இல் வந்த 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்'லிலிருந்துதான் குழுவின் கதையே தொடங்குவதாகப் பிறகு பேசப்பட்டது. பழைய நான்கையும் குழுவே ஓரங்கட்டியது. ஆனால் அந்த 1990 ஆல்பத்தின் அட்டையிலும் கிதார்காரரின் பெயர் 'டயமண்ட் டாரெல்' என்றுதான் இருக்கிறது. டைம்பேக் என்று பெயர் மாறியது பிறகு; கை மாறவில்லை. அந்தக் கனமான ரிஃபுகளுக்கு நடுவே அவர் சோலோ தொடங்கும்போது கேள், அந்த நீண்ட வளைவும் பாடும் அதிர்வும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். 1992இல் பான்டெராவைத் தங்கள் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாகக் கூட்டிப்போய்ப் பெரிய அரங்குகளில் ஏற்றியது ஸ்கிட் ரோ, அதுவும் இந்தக் கேலிக்குரிய பட்டியலில் இருக்கும் பெயர்தான். 2004 டிசம்பர் 8 அன்று ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில், மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது டைம்பேக் டாரெல் சுட்டுக் கொல்லப்பட்டார். கிஸ் குழுவின் படங்கள் அச்சிட்ட சவப்பெட்டியில் அவரை அடக்கம் செய்தார்கள். பெட்டியை மூடும் முன் எடி வான் ஹேலன், 1979இல் தன் இரண்டாவது ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்த அந்தக் கறுப்பு மஞ்சள் கோடு போட்ட கிதாரை, அதன் நகலை அல்ல, அதையே கொண்டுவந்து டாரெலின் பக்கத்தில் வைத்தார்.

அன்புடன்,
உன் அண்ணன்